ஒலிபெருக்கி மாயவன் கூப்பிட்ட பெயர்

பிற்பகல் இரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. நான் நர்சிங் மாணவிகளுக்கு ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் அஃபோனியா என்று எழுதி, அதன் கீழே அஃபேசியா என்று எழுதி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருந்தேன். யாரும் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த கைப்பேசியில் அண்ணியின் பெயர் தெரிந்தது. வகுப்பில் நான் கைப்பேசியை எடுப்பதில்லை. ஆனால் அந்த மாதம் மட்டும், அந்த எண் வந்தால் எடுத்துவிடுவது என்று வைத்திருந்தேன். அண்ணிக்கு ஏதாவது ஆனால் அந்த எண்ணிலிருந்துதான் யாராவது கூப்பிடுவார்கள்.

பேசியது அண்ணியேதான்.

"கண்ணகி, நான்தாம்மா."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அண்ணி உயிரோடு இருக்கிறார். பேசுகிறார். அப்புறம்தான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"உங்கண்ணன் போயிட்டாரும்மா. கொல்லையில."

அந்த மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு வரும் என்று எல்லோருமே உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தோம். பயந்தது அண்ணிக்காக. ராஜாம்பாள் என்ற அவருடைய பெயரை, கூப்பிடக் கூடாத விதத்தில் ஒரு குரல் கூப்பிட்டிருந்தது. அவரும் பதில் சொல்லிவிட்டிருந்தார். அதைச் சரிசெய்ய அண்ணன் ஒருவர்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட குரலும் அண்ணனுடையதுதான்.

அண்ணன் மாயவன் வடக்கனந்தலில் பிறந்தவர். அப்பா பாவாடையும் அம்மா தைலம்மாளும் கரும்பு வெட்டுகிற கூலிகள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது எழுதப் படிக்க மட்டும்தான். கூடவே குரலும் இருந்ததால் அது பிழைக்கப் போதுமாக இருந்தது. முதலில் டூரிங் டாக்கீஸ் வண்டியில் உட்கார்ந்து, நோட்டீஸ் வீசி, படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பிறகு லாட்டரிச் சீட்டு. பிறகு கட்சிக் கூட்டம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல்போன மாடு. கடைசியில் சொந்தமாக ஓர் ஆட்டோவும் இரண்டு ஹாரன் ஒலிபெருக்கியும் வாங்கியபோது அவருக்கு வந்த வேலையில் பாதிக்கு மேல் சாவு அறிவிப்பு. கள்ளக்குறிச்சியில் தனசேகரன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மைக் செட் கடையும் வைத்தார்.

அண்ணனுடையது பெரிய குரல் இல்லை. மற்றவர்கள் ஹாரனில் கத்துவார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துச் சொல்வதுபோலச் சொல்வார். இறந்தவரின் பெயரை மட்டும் முதலில் சொல்லி நிறுத்துவார். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் பெயர். மறுபடியும் இடைவெளி. மூன்றாவது தடவை பெயரைச் சொன்ன பிறகுதான் ஊர், வயது, அடக்கம் எல்லாம். தெருவில் போகிறவர்கள் முதல் பெயரிலேயே நின்றுவிடுவார்கள். மூன்றாவது பெயரில் யாராவது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொள்வாள்.

செத்துப்போனார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சிவலோக பதவி, வைகுண்ட பதவி, இறைவனடி, இயற்கை எய்தினார், கர்த்தருக்குள் நித்திரை. எந்தத் தெருவுக்கு எது என்பது அவருக்கு அத்துப்படி. கழகக்காரர் வீட்டுச் சாவுக்குச் சிவலோக பதவி போட்டுவிட்டு ஒரு தடவை அடி வாங்கப் பார்த்தாராம்.

நான் சேலத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் வந்து இதைப் பற்றிப் பெரிதாக விளக்கினேன். இப்படிச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் யூஃபெமிசம் என்று பெயர், கிரேக்கத்தில் யூ என்றால் நல்லது, ஃபீமே என்றால் பேச்சு, கிரேக்கர்கள் பலி கொடுக்கும்போது 'நல்ல சொல் சொல்லுங்கள்' என்று பூசாரி உரக்கச் சொல்வான், அப்படிச் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப நல்ல பேச்சுன்னா பேசாம இருக்கறதுன்ற. இத உங்க அண்ணிக்குச் சொல்லு."

"மொதல்ல அவரு ஹாரனுக்குச் சொல்லு கண்ணகி," என்றார் அண்ணி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

அண்ணியின் அப்பா அம்மாசியும் சமவெளிக் கூலிதான். கடுக்காய் பொறுக்கக் கல்வராயன் மலைக்குப் போனவர் அங்கேயே ஒரு சரிவில் குடிசை போட்டுத் தங்கிவிட்டார். மலைமேல் ஒரு திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போன இடத்தில்தான் அண்ணன் அவர் மகளைப் பார்த்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணியைப் பற்றி எங்கள் தெருவில் ஒரே கேலி. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவையும் திரும்ப மாட்டார். மூன்றாவது தடவைதான் "ம்" என்பார்.

"மலையாத்தாளுக்குக் காது கேக்கறதுக்குக் கீழருந்து பஸ்ஸு வரணும்," என்பார் எதிர்வீட்டு இருசம்மாள்.

அண்ணி வளர்ந்த சரிவில் அது ஒரு முறை. ஒருவர் கூப்பிட்டால் எதிர்ச் சரிவும் அதையே திருப்பிக் கூப்பிடும். முதல் குரல் யாருடையது என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மலை திருப்பிச் சொன்னதாக இருக்கலாம். மூன்றாவதும் வந்தால்தான் கூப்பிடுவது மனிதர். அதற்கு முன்னால் பதில் சொன்னால், கூப்பிட்டது எதுவோ அது பதில் வந்த வழியே வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அண்ணியின் சித்தி ஒருத்தி முதல் குரலுக்கு "இதோ" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து போய்ச் சேர்ந்தாளாம். இதை அண்ணி சாதாரணமாகச் சொல்வார். மழை வரும், குடை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோல.

அதனால் அண்ணன் எப்போதும் மூன்று தடவை கூப்பிடுவார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலிலிருந்தே, "ராஜாம்பா... ராஜாம்பா... ராஜாம்பா..." உள்ளே இருந்து "ம்". பெயரை மூன்று தடவை சொல்வதைத் தொழிலில் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "வூட்ல," என்றாராம்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறவர் அண்ணி ஒருவர்தான்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டை கரகரத்தது. மாதக்கணக்கில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனார். சீட்டில் டிஸ்ஃபோனியா என்று எழுதியிருந்தது. என்னிடம் காட்டினார்.

"ஃபோனே என்றால் கிரேக்கத்தில் குரல். குரல் கெட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.

"போனா? நாம பேசற போனா?"

"அதேதான். டெலிஃபோன், தூரத்துக் குரல். மைக்ரோஃபோன், சின்னக் குரல்."

"சின்னக் கொரலா! எவன்டா வெச்சான்? எங்க வண்டி பின்னால வந்து கேக்கச் சொல்லு அவன." சிரித்தவருக்கு இருமல் வந்தது. இருமலில் ரத்தம் இருந்தது.

குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று புதுச்சேரியில் சொன்னார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். அண்ணன் இரண்டு வாரம் தவணை கேட்டார். டாக்டர், அவர் மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் என்று நினைத்திருப்பார். அண்ணன் நேராகக் கடைக்குப் போனார்.

அந்த இரண்டு வாரமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மைக்கின் முன்னால் உட்கார்ந்து பெயர்களாகச் சொன்னார். ஆண் பெயர், பெண் பெயர். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர். சின்னசேலம், எலவனாசூர்கோட்டை, மலைமேல் இருக்கும் சிற்றூர்கள் வரை. எண்கள். கிழமைகள். காலை, மாலை. சிவலோக பதவி, வைகுண்ட பதவி. தனசேகரன் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிக் கம்ப்யூட்டரில் வைத்தார். வேண்டியதை எடுத்துக் கோத்தால் அறிவிப்பு. அண்ணன் பேச முடியாமல் போனாலும் அண்ணன் குரல் வண்டியில் போகும்.

அந்தப் பெயர்களில் அண்ணியின் பெயர் மட்டும் இல்லை. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன அண்ணி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு இதைப் பிடித்துவிட்டார். நானும் அப்போது கூட இருந்தேன்.

"ஊர்ல இருக்கற பொம்பளைங்க பேரெல்லாம் வாய் நெறய சொல்றீங்க. என் பேரு இன்னா பாவம் பண்ணுச்சி?"

"இந்தப் பொட்டிக்குள்ள போற பேரு எதுக்குப் போவுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"எதுக்கோ போவட்டும். அப்பால நான் எதக் கேப்பேன்?"

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு, கரகரத்த குரலில் சொன்னார். "இதுல ஒன் பேரு வேணாம் ராஜாம்பா. என் கொரல்ல ஒன் பேரு ரோட்ல போவக் கூடாது."

அண்ணி தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். கைப்பேசியிலாவது ஒரு தடவை கூப்பிட்டுப் பதிந்து வையுங்கள் என்று நான் சொன்னதற்கும் அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, படுத்தபடியே மூன்று தடவை கூப்பிட்டார். இரண்டு தடவை அண்ணி சும்மா நின்றார். மூன்றாவதுக்கு "ம்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

என் மாணவிகளிடம் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். குரல் போவது அஃபோனியா. சொல் போவது அஃபேசியா. அண்ணனுக்குச் சொல்லெல்லாம் உள்ளே அப்படியே இருந்தது, வெளியே வரக் குரல் இல்லை. கடையில் இருந்த கம்ப்யூட்டருக்குக் குரல் இருந்தது, தனக்கென்று ஒரு சொல் இல்லை. இரண்டும் ஒரே ஆட்டோவில் போய்வந்தன. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வாய் திறக்காமல் வண்டி ஓட்டுவார். தலைக்குமேல் ஹாரனில் அவர் குரல் ஒருவர் பெயரைச் சொல்லும். சந்தையில் சிலர் அவர் உதட்டையே பார்ப்பார்கள். ஒரு கிழவி அவர் காலடியில் கற்பூரம் ஏற்றிவிட்டாள். ஆனால் வேலை குறையவில்லை. கூடியது. "அண்ணன் கொரல்ல போட்டாத்தான் சாவு சாவு மாரி இருக்குது," என்று தனசேகரனிடம் வந்து சொல்வார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு அண்ணன் போகவில்லை. காற்றை விழுங்கி, உணவுக்குழாய் வழியாக ஏப்பம்போலத் திருப்பி எடுத்து, அந்தக் காற்றில் பேசக் கற்றுத்தருவார்கள். அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, கையை வயிற்றில் வைத்து ஏப்பம் விடுவதுபோல நடித்துக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மூன்று வருடம் சைகைதான் பேச்சு. வீட்டுக்கு வந்தால் கதவை மூன்று தடவை தட்டுவார். அண்ணி திறப்பார்.

போன தை மாதம் சின்னசேலம் பக்கம் ஒரு அம்மாள் இறந்துபோனார். அவர் பெயரும் ராஜாம்பாள். அன்று அண்ணன் கழுத்துக் குழாயை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கடையில் தனசேகரன் தேடினார், அந்தப் பெயர் இல்லை. வந்தவர்கள் மாயவன் குரல்தான் வேண்டும் என்று நின்றார்கள். தனசேகரன் ராஜாமணியிலிருந்து பாதியை வெட்டினார். கோயில் திருவிழாவுக்காகச் சொல்லி வைத்திருந்த அம்பாளை எடுத்தார். இரண்டையும் ஒட்டினார். ஒட்டு தெரியவில்லை. அதைப் பென் டிரைவில் போட்டு, மாலையில் வீட்டுக்கே கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தார். யாருக்கு என்று அண்ணன் சைகையில் கேட்டார். "சின்னசேலத்துல ஒரு பெருசுண்ணே," என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கிளம்பும் முன் வாசலிலேயே சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு தடவை போட்டுப் பார்ப்பது அண்ணன் வழக்கம். போட்டார்.

"ராஜாம்பாள்..."

அவர் கை உடனே சுவிட்சுக்குப் போய்விட்டது. இடைவெளியிலேயே அறிவிப்பு நின்றுவிட்டது. அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் அது தானாகவே இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்கும்.

"இதோ வரேங்க!"

ஈரக் கையோடு அண்ணி வாசலுக்கு ஓடிவந்தார். அந்த முகத்தை இருசம்மாள் எதிர்வீட்டிலிருந்து பார்த்திருக்கிறார். கல்யாணப்பெண் முகம்போல இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அண்ணன் வண்டியில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அண்ணி அவரைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"அடி பாவி," என்றார் இருசம்மாள். "ஜென்மத்துக்கும் மூணாவது கொரலுக்குத்தான் திரும்புவ. போயும் போயும் சாவுக் கொரலுக்கா மொத தடவையே ஓடியாந்த?"

"அவரு கொரலுக்கா. மூணு வருசம் ஆச்சி."

"அவரு இங்க குத்துக்கல்லு மாரி வாய மூடிக்கினு உக்காந்துக்கினு கீறாரு. அப்ப ஒன்ன கூப்புட்டது யாருடி?"

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் விஷயம் கேள்விப்பட்டு ஊருக்குப் போய், விளங்கும்படி சொல்லிப் பார்த்தேன். எக்கோலேலியா என்று ஒரு நிலை உண்டு, சொன்னதையே பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்வது, கம்ப்யூட்டர் செய்தது அதுதான், அதற்குள் யாரும் இல்லை, அது யாரையும் கூப்பிடவில்லை.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். "உள்ள யாரும் இல்லன்னா, அதான் பயமா கீது கண்ணகி," என்றார்.

அதன் பிறகு அவர் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்ப்பார். ரத்தப் பரிசோதனை செய்தோம், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அந்த நாட்களில் கிரேக்க வேர்ச்சொல் பாடத்தில் பிராஃபெட், அதாவது தீர்க்கதரிசி, என்ற சொல்லை நான் நடத்தவில்லை. அஃபேசியாவுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். முன்னதாகச் சொல்லிவிடுகிறவன் என்று பொருள். மாணவிகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் தனசேகரனை ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கும் போகவில்லை. ஒருநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: "பேச்சு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ. ரெண்டு பாக்கி." எனக்குப் புரிந்தது. ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. அதோடு நின்றால் அது பேயின் குரல். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டு மூன்றாக்கிவிட்டால், முதலில் கூப்பிட்டதும் மனிதர்தான் என்று ஆகிவிடும். வேறு யார் கூப்பிட்டாலும் செல்லாது. கம்ப்யூட்டர் கூப்பிட்டாலும் செல்லாது.

சேலத்தில் பயிற்சி கொடுத்த பெண் சிறு வயதுக்காரர். பொறுமைசாலி. காற்றை விழுங்கச் சோடா குடிக்கச் சொன்னார். ப, த, க சீக்கிரம் வரும், அதில் ஆரம்பிக்கலாம் என்றார். அப்பா. தாத்தா. பாப்பா. அண்ணன் தலையை ஆட்டி, தனக்கு வேண்டிய ஒரே சொல்லைக் கைப்பேசியில் எழுதிக் காட்டினார்.

"இது யாருங்க சார்?"

நான் சொன்னேன்.

"ர வர்றது கஷ்டங்க. ஜ அதவிட கஷ்டம். செல்லமா வேற பேரு வெச்சிக் கூப்புடுவாரா? பாப்பா, அம்மு, அப்படி ஏதாவது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது அவர் சிரிப்புக்கும் ஒலி இல்லை. அந்த ஒரு பெயரைத் தவிர அண்ணியை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கோலிசோடா பாட்டிலும் கையுமாகப் பழகினார். முதலில் வெறும் ஏப்பம். பிறகு அதில் ஒரு "பா". தெருவில் சிலர் வேலியோரம் வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஊரே நின்று கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் அதையும் பொறுத்துக்கொண்டார். பழகும்போது அண்ணி கேட்கக் கூடாது என்பதால் அவரை இருசம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பழகுவது வேறு, கூப்பிடுவது வேறு.

அன்று காலையில் அண்ணியிடம் சைகையில் சொல்லியிருக்கிறார். நீ உள்ளே இரு. நான் வெளியே. மூன்று விரலைக் காட்டி, ஒரு விரலை மடக்கினார். ஒன்று ஆகிவிட்டது. மற்ற இரண்டு விரலையும் ஆட்டினார். வாயில் விரலை வைத்தார். கடைசியைக் கேட்கும் வரை பதில் சொல்லாதே, வெளியே வராதே. அண்ணி சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நாளாக இல்லாதபடி அன்று ஒரு படி அரிசி களைந்து உலையில் போட்டாராம்.

இனி நடந்ததை அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்.

"அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தன். கொல்லைலேருந்து வந்துச்சி. அவரு கொரலு இல்ல. தவள கத்தற மாரி, தண்ணிக்குள்ளருந்து வர மாரி. ராசாம்பான்னுச்சி. முழுசா வந்துச்சி கண்ணகி. ஒடம்பு அப்படியே சிலுத்துப் போச்சி. வாய்க்கு வந்த 'ம்'ம முழுங்கிக்கினன். ரெண்டு ஆச்சி, இன்னும் ஒண்ணுன்னு நின்னன். அவருக்குக் காத்து முழுங்கணுமே, நேரம் ஆவும்னு நின்னன். சோறு பொங்கி அடுப்பு அணைஞ்சிச்சி. கேஸ மட்டும் மூடனன். அசையல. வெளிய ஒரு பாட்டிலு உருண்ட சத்தம் கேட்டுச்சி. சோடா குடிக்கிறாருன்னு நெனச்சன். அப்பால ராஜாம்பான்னு ஒரு சத்தம். அது கொல்லப் பக்கமா வந்த இருசம்மாக்கா கொரலு. அது இதுல சேராதுன்னு நின்னன். மறுபடியும் கூப்புட்டுச்சி. அப்பவும் நின்னன். மூணாவது தடவ அக்கா அலறுச்சி. அதுக்குத்தான் வெளிய வந்தன்."

அண்ணன் மரத்தில் சாய்ந்தபடி இருந்தார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். உடனே கவனித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. தனசேகரன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஊருக்குச் சொல்லணும். அண்ணன் கொரல்லயே போட்டுடலாமா? பேரு, ஊரு எல்லாம் இருக்குது. மாயவன்னு அவரே சொல்லி வெச்சிருக்காரு."

உள்ளேயிருந்து அண்ணி கேட்டுவிட்டார். "அந்தக் கொரலு இன்னிக்கி இந்தத் தெருவுல வரக் கூடாது தனசேகரு. நான் இன்னும் ரெண்டாவதுலதான் நிக்கறன்."

தனசேகரனே மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போனார். மெல்லிய குரல், நடுங்கியது. பாதி ஊர் நம்பவில்லை. மாயவன் போய்விட்டால் மாயவனே வந்து சொல்லியிருப்பாரே என்று கடைவீதியில் ஒருவர் கேட்டாராம். கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணி சாப்பிட ஆரம்பித்தார். உடம்பு தேறிவிட்டது. எடுக்க வந்தது எதுவோ அவரை விட்டுவிட்டு அண்ணனை எடுத்துக்கொண்டது என்று தெருவில் சொல்கிறார்கள். அண்ணி அதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. உலை கொதிக்கும் நேரத்தில் அவரிடம் யாராவது பேசினால் மட்டும் கையை உயர்த்தி நிறுத்திவிடுகிறார். கொல்லைக் கதவு அப்போது திறந்திருக்கிறது.

சென்ற வாரம் தனசேகரன் வந்தார். ஒட்டிச் செய்த அந்தப் பெயர் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது என்றும், வேண்டுமானால் ஒரே ஒரு தடவை சத்தத்தைக் குறைத்து வீட்டுக்குள் போட்டுவிடலாம், அண்ணி நிம்மதியாகிவிடுவார் என்றும் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

"அது மொத தடவ கூப்புட்டதே தான?" என்றார் அண்ணி. "அதையே திருப்பிப் போட்டா மலை திருப்பிச் சொல்ற மாரி. அது மூணாவது ஆவாது."

தனசேகரன் காபியைக் குடித்துவிட்டுப் போனார். ராஜாம்பாள் என்று அண்ணன் கூப்பிட வேண்டியது இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது.